முதலாளியம்மா அழுத படம்

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? உங்கள் கண்ணுக்குத் தெரிய எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் கண் ஆபரேஷனுக்கு நான் லீவு கேட்டபோது முதலாளியம்மா, "கண்ணுதானே, உயிரா போயிடும்?" என்றாள் அல்லவா? அதை மனதில் கறுவிக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் தோழிகளும் ஒரு சின்ன மண்டபத்தில் படவிழா நடத்தினார்கள். அவளுடைய அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ள நானும் போனேன். கடைசிப் படத்தில் ஒரு வேலைக்காரி, ஊரில் படுத்திருக்கும் புருஷனைப் பார்க்க லீவு கேட்டுக் கெஞ்சுகிறாள். முடிவை உங்களுக்குச் சொல்லமாட்டேன். முதலாளியம்மா விம்மி விம்மி அழுதாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. நான் அழுவதெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போதுதான்.

விளக்குப் போட்டதும் தோழிகளிடம், "அந்தப் பாவி அவள அனுப்பித் தொலைச்சிருக்கலாமே!" என்று மூக்கைச் சிந்தினாள். விடுவேனா?

"அம்மா, எங்க வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டேனே, என்ன சொன்னீங்க?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டேன்.

தோழிகள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"போ... போயிட்டு வாங்க ஆயா."

"எத்தனை நாளும்மா?"

"ஒரு மாசம்."

காரில் ஏறியதும், "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்களே" என்று பொருமினாள்.

"படம் அப்படி இருந்துச்சும்மா" என்றேன்.

டாக்டரிடம் தேதி வாங்கி வையுங்கள். என் தலையணையை வெயிலில் போடுங்கள். நாற்காலிக்காரம்மா கூப்பிடுகிறாள், நிறுத்துகிறேன். கட்டுப் பிரிக்கும்போது பேத்தியைக்கூட உள்ளே விடாதீர்கள். முதலில் என் முகம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.