முகம் மிச்சம் வைத்த படம்

அன்புத் தங்கச்சி ஜெசி,

உன் கடைசிப் படத்தில் நீ விட்ட வாயைத் தூரிகையால் கீறியது யார்? எனக்குத் தெரியாது. பேய் பிசாசை நம்பாத நான் இப்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை வீட்டில், மகள் அனுஷா டியூஷன் முடிந்து வரும்வரைதான் நீ படம் கீறுவாய். கேட் சத்தம் கேட்டதும் தூரிகையைக் கழுவிவிடுவாய். பிறகு அந்தப் படத்தைத் தொடவே மாட்டாய். எல்லாப் படத்திலும் அனுஷாதான், கையில் போனும் அதன் நீல வெளிச்சமுமாக. நேரத்துக்கு வந்த நாட்களில் உடுப்பும் கையும் மட்டும். பிந்திய நாட்களில் கழுத்து, காது. முகம் முடிந்த படம் ஒன்றுகூட இல்லை.

"முடிஞ்சால் பிள்ளை வரேல்ல எண்டுதானே அர்த்தம், அக்கா" என்றாய். நான் சிரித்தேன்.

நீ இறந்து போனதிலிருந்து அனுஷா என்னோடு வெள்ளவத்தையில். நீ முகம் வைக்காமல் விட்ட படம் ஹோலில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் வரப் பிந்தியது. போனும் ஓஃப். படத்துக்கு முன்னால் நின்று காத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்: வெறுமையாக இருந்த இடத்தில் மூக்கும் வாயும் இருந்தன. தொட்டேன். விரலில் நிறம் ஒட்டியது.

"ஏன் பெரியம்மா இருட்டுக்குள்ள நிக்கிறீங்க?" அனுஷா வந்திருந்தாள்.

"நீயா இதைக் கீறினது?"

"அம்மாட படத்தில நான் கை வைப்பனா? எனக்கு வட்டமே ஒழுங்கா வராது."

இனிக் கண்கள் மட்டும் மிச்சம். சாப்பிடும்போது கேட்டாள்: "சனிக்கிழமை ஹெந்தளையில என்ர சிநேகிதி ஷெரின் வீட்ட நிக்கட்டா? ஞாயிறு வந்திடுவன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் நம்பாத ஒன்றைக் காரணம் காட்டிப் பிள்ளையை எப்படி மறிப்பது? நீ என்றால் விட்டிருப்பாயா, ஜெசி?

"ஓம், போயிட்டு வா" என்றேன்.

இன்று காலை போய்விட்டாள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எவ்வளவு பயம் வந்தாலும் அவளைப் பூட்டி வைக்கமாட்டேன். வரும் நேரம் வீட்டில் இருப்பேன். இவ்வளவுதான் உனக்கு நான் தரக்கூடிய வாக்கு.

உன்னோடு கூடப் பிறந்த,
மெர்சி அக்கா

ஞாயிறு: மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டாள், ஒரு பை றம்புட்டான் பழத்தோடு. "இதை ஏன் திருப்பி வச்சீங்க?" என்று படத்தை நேராக்கினாள். கண்கள் இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"பெரியம்மா, இந்த முகம் நானில்ல."

"பின்ன?"

"வடிவாப் பாருங்க. நீங்க. கண்ணாடி மட்டும் போடேல்ல. அம்மா இப்ப உங்களுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறா போல."