லாஸ் என்றால் நஷ்டம் மட்டுமல்ல

அம்மாவுக்கு உன் மகனின் வணக்கம். நான் நலம். அப்பா போனதிலிருந்து நீ அரை வயிற்றோடு எழுந்துவிடுகிறாயாம். என் மகள் போனில் கோள் சொன்னாள். ஒழுங்காகச் சாப்பிடு.

இங்கே ஒரு கூத்து. சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டு, "சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றார். என் இங்கிலீஷ் லட்சணம் உனக்குத் தெரியுமே! லாஸ் என்றால் வியாபார நஷ்டம் என்று நினைத்து, "நோ பிசினஸ் சார், ஒன்லி சம்பளம்" என்று பல்லைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

இஸ்திரி போடுகிறவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "யோவ், உங்கப்பா செத்ததுக்குத் துக்கம் விசாரிக்கிறாருய்யா! அதையும் லாஸ்னுதான் சொல்லுவாங்க."

லீவு கிடைக்காமல் இங்கேயே கிடந்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. கையிலிருந்த போர்வையில் முகத்தைத் துடைத்துவிட்டேன்; அதை மறுபடி துவைக்கும்படி ஆயிற்று.

அப்பாவின் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்கும் அதே அளவுதான். இன்னொன்று, போனில் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் அவர் என்னைக் கேட்டாரா? கேட்கவில்லையென்றாலும் கேட்டார் என்றே எழுது.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் மூத்தவன்