சப்பை மூக்கு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

காலையில் கைக்குழந்தைப் பேத்தியைக் குளிப்பாட்டும்போது அவள் சப்பை மூக்கை அழுத்திப் பிடித்து நீவினேன். வீறிட்டு அழுதாள். "சோழவந்தான் சம்பந்தியம்மா மூக்கு. இப்பவே நீவுனாத்தேன் எடுப்பா வரும்" என்று மருமகள் காதில் விழும்படி சொன்னேன். கல்யாணப் பந்தியில் அந்த அம்மா என்னைக் கவனிக்காததை நான் மறக்கவில்லை.

மருமகள் ஒரு பழைய போட்டோவை எடுத்து வந்தாள். என் மடியில் ஒரு வயதில் என் மகன். அதே சப்பை மூக்கு, உப்பின நெற்றி, இருக்கிற இடம் தெரியாத தாடை.

"வளர வளரத்தேன் எலும்பு எந்திரிக்கும் அத்த. உங்க மகனுக்கு யாரு நீவுனா?"

யாரும் நீவவில்லை. பந்தியை மறக்காத எனக்குப் பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோயிருக்கிறது.

சாயங்காலமும் பேத்தியின் மூக்கு சிவந்தே இருந்தது. நாளைக்குக் குளிப்பாட்ட மருமகள் கூப்பிடாவிட்டால், நானாகப் போய்க் கேட்க எனக்கு வாய் வராது.