ராணியின் வாயில் நுரை இல்லை

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் இந்த வருஷத்து முதல் மழை கொட்டியது. வருஷாவருஷம் முதல் மழைக்கு எங்கள் நாய் ராணி தோட்டத்தில் சொறித்தவளையைக் கவ்விவிட்டு, அதன் தோல் விஷத்தில் வாயில் நுரை தள்ள ஓடிவருவாள். திட்டிக்கொண்டே கழுவிவிடுவேன். இன்றைக்கும் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக் காத்திருந்தேன். செடி செடியாக மோந்து பார்த்துவிட்டு, சுத்தமான வாயோடு திரும்பி வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் விலங்கியல் படிக்கும் மகள் ஜெபாவிடம், தோட்டத்தில் ஒரு சொறித்தவளையைக்கூடக் காணோம் என்று சொன்னேன்.

"அது அழியிற பட்டியல்லயே இல்லம்மா. உலகத்துல எம்புட்டோ கெடக்கு."

"ஏட்டி, உலகத்துல கெடக்கட்டும். நம்ம தோட்டத்துல எங்க?"

கொல்லைக்குப் பின்னால் இருந்த குட்டையை மூடி மனை போட்டதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மழை இன்னும் விடவில்லை. ராணி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வாளித் தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.