குட்டைப் புல்லும் முளைப்பாரியும்

1958 மே 6, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். ஐஸ் கட்டி வந்தது. ஒட்டியிருந்த உமியைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்தேன்.

நாற்றுகளுக்கு 18ஆம் நாள். போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு வாங்கிய பிஸ்கட் டின், நடுவில் அட்டை. இடப்பக்கம் சி. (பனிமலைச் சிகரத்து விதை). வலப்பக்கம் ப. (அதே புல், பள்ளத்தாக்கு விதை). குட்டை என்பது இடத்தாலா, விதையிலேயேவா என்று பார்க்க. இரவு ஐஸ் பெட்டி, பகல் ஈரச் சாக்கு நிழல்.

சி. முக்கால் அங்குலம், கரும்பச்சை. ப. இரண்டேகால், நுனி மஞ்சள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

21 நாள் அளவும் அனுப்பினால், விதை கொடுத்த என் பழைய டீச்சர் மிஸ் சிங்கப்பூரில் தன் ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வாராம். வேறு விதை இல்லையாம். கைக்குழந்தையோடு எப்படிப் போவேன்? வீட்டில் சொல்லவில்லை. "யாரும் தொடாதீங்க" என்றது மட்டும்.

இவர்: "ஐஸ் பெட்டி மீனுக்கா, புல்லுக்கா?"

மே 7, புதன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். 102. பாதி ஐஸை உடைத்து நெற்றிக்கு. மீதிப் பாதி டின்னுக்கு. என்ன தாய் நான்.

அத்தை டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிச்சிட்டுத்தானே தண்ணி தெளிக்கிற?"

"ஆமா அத்தை."

மாமியார் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

103. பால் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அக்காவுக்குத் தமிழ் வராது; வேலி வழியே மலாயில் கேட்டார், இன்னும் சூடா என்று. தலையாட்டினேன்.

வாங்க: பார்லி, மருந்து, கட்டம் போட்ட தாள்.

ப. சாய்ந்துவிட்டது. சி. அப்படியே நிமிர்ந்து. நாளை கடைசி அளவு.

மே 9, வெள்ளி

டாக்டரிடம் போய்த் திரும்பினால் டின் காலி. அத்தை நெற்றியில் குங்குமம்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? இருட்டுல வச்சு, யாரையும் தொட விடாம. பாப்பாவுக்குத்தானே முளைப்பாரி போட்ட? அம்மனுக்குக் காட்டிட்டு ஆத்துல கரைச்சிட்டேன்."

காலி டின்னைக் கையில் எடுத்தேன்.

"ஒரு பக்கம் குட்டையா இருந்துச்சு. மனசு பாதிதான் வச்சியாக்கும்."

மே 10, சனி

காய்ச்சல் விட்டது. 98.6. பால் குடித்தாள். சிரிக்கிறாள்.

அத்தை வேலியோரம் எல்லாருக்கும் சொல்கிறார். இவர்: "பாத்தியா, புல்லுக்கும் சக்தி இருக்கு!" நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

21ஆம் நாள்: சி. ப. இரண்டுக்கும் நேரே வெற்றிடம். ஊகித்து எழுதலாம். பென்சிலை எடுத்தேன், வைத்தேன். மிஸ்ஸுக்கு என்ன எழுத? அம்மன் என்றா?

டின்னைக் கழுவிப் பார்லி கொட்டினேன். ஐஸ்காரரிடம் சொல்லியாயிற்று, நாளையிலிருந்து பாதிக் கட்டி போதும்.