கழுத்துப்பட்டிக்குள் ஒரு பெயர்

பஃபலோ
ஆகஸ்ட் 14, 1996

ஓரின் அவர்களுக்கு,

மொய்ரா எழுதுகிறேன். அண்ணன் டெக்லனை அடக்கம் செய்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு நாம் பேசவில்லை. இப்போதும் பேச ஆசைப்பட்டு எழுதவில்லை. அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் எய்ட்ஸ் நினைவுப் போர்வையை, இறந்த ஒவ்வொருவருக்கும் வேண்டியவர்கள் தைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, முழுவதுமாக விரிக்கப் போகிறார்கள். அண்ணனுக்கு ஒரு துண்டு தைக்கிறேன். ஆறடிக்கு மூன்றடி, ஒரு ஆள் படுக்கிற அளவு. பொத்தான் தைத்தாலே விரலைக் குத்திக்கொள்கிறவள் நான், சிரிக்க வேண்டாம். அவனுடைய வெள்ளைச் சமையல் சட்டை உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நடுவில் வைத்துத் தைக்க வேண்டும்.

நீங்கள் நல்ல உடம்போடு இருப்பதாகக் கேள்வி. எப்படி என்றுதான் விளங்கவில்லை. அந்த நோயை அவனுக்குக் கொடுத்தது நீங்கள்தான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அடக்கத்தன்று தேவாலயத்தில் உங்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை.

மொய்ரா பிரென்னன்


நியூயார்க்
ஆகஸ்ட் 20, 1996

அன்புள்ள மொய்ரா,

‘அவர்களுக்கு’ என்று ஆரம்பித்திருக்கிறாயே, வரி அலுவலகத்திலிருந்து வந்ததோ என்று பயந்துவிட்டேன். உன் அண்ணன் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பான்.

சட்டையை அனுப்புகிறேன். கழுத்துப்பட்டிக்குள் என் பெயர் தைத்திருக்கும். ஓட்டல் சலவைக்குப் போட்டால் கலந்துவிடும் என்று எல்லோருடைய சட்டையிலும் பெயர் தைப்பார்கள். ஒரே ஓட்டல் சமையலறையில் அவன் மீன் அடுப்பிலும் நான் ரொட்டிப் பக்கமும் நின்றோம். தன்னுடையதை எண்ணெயாக்கிவிட்டு என்னுடையதைத்தான் எடுத்து மாட்டிக்கொள்வான். கடைசி வருடம் முழுக்க இதுதான் அவன் உடம்பில் கிடந்தது. என் பெயரைப் பிரித்து எடுத்துவிடு. அது அங்கே வேண்டாம்.

நான் எப்படி நன்றாக இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். போன மாதம்வரை எனக்கும் தெரியாது. இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், துணையைப் பறிகொடுத்தும் நோய் வராமல் இருக்கிறவர்களைத் தேடி இரத்தம் எடுக்கிறார்கள். “இன்னும் ஒரு குழாய்தான் சார்” என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பாதி காலி பண்ணிவிட்டாள் அங்கிருக்கும் நர்ஸ். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“உங்க வெள்ளை அணு மேல வைரஸைக் கொட்டிக் கொட்டிப் பாத்துட்டோம். உள்ள போகவே மாட்டேங்குது.”

விஷயம் இதுதான். அந்த வைரஸ் நினைத்தபடி அணுவுக்குள் புகுந்துவிட முடியாதாம். முதலில் அணுவின் மேல்தோலில் இருக்கும் சிடி4 என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மட்டும் போதாது. பக்கத்தில் சிசிஆர்5 என்று இன்னொன்று இருக்கிறது. அதையும் பிடித்தால்தான் வைரஸின் தோலும் அணுவின் தோலும் ஒட்டிக் கலந்து அது உள்ளே போகும். என் அணுக்களில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது இல்லவே இல்லை. அம்மா ஒரு பழுதான மரபணுவைக் கொடுத்தாள், அப்பா அதே பழுதைக் கொடுத்தார். என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

“நீங்க அதிர்ஷ்டக்காரர்” என்றாள். அவள் மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டையை எல்லாம் தீர்த்துவிட்டு வந்தேன். “ஒரே கட்டில்ல படுக்கறோம், ஒரே கரண்டில ருசி பாக்கறோம், உனக்கு மட்டும் எப்படிடா?” என்று டெக்லன் கேட்டுக்கொண்டே இருப்பான். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. பதில் இப்போதுதான் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

என்றும் அன்புடன்,
ஓரின் ஹால்வர்சன்


பஃபலோ
செப்டம்பர் 2, 1996

ஓரின்,

சட்டை வந்தது. இன்னும் பூண்டு வாசம் அடிக்கிறது.

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளேயே போகாத வைரஸை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது என்றார். அப்படியானால் அது உங்களிடமிருந்து வரவில்லை. இதை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

எண்பத்தைந்தில் பரிசோதனை வந்தவுடனேயே நீங்கள் இருவரும் போனீர்கள், இருவருக்கும் இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு அவனே போன் பண்ணிச் சொன்னான். பிறகு எங்கிருந்து வந்தது? யார்?

மொய்ரா


நியூயார்க்
செப்டம்பர் 9, 1996

அன்புள்ள மொய்ரா,

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அதை எழுதாமல் விட்டேன்.

யாரென்று எனக்குத் தெரியாது. எண்பத்தாறு கோடையில் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் மினசோட்டாவுக்குப் போனேன். இரண்டு வாரம் என்று சொன்னவன் செப்டம்பரில்தான் திரும்பினேன். அது வேறு யாரிடமிருந்தோ வந்தது என்று ஆய்வுக்கூடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நோய் தெரிந்த அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே உன் அண்ணன் சொன்னான்.

“ஓரின், ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்காத.”

“சரி, கேக்கல.”

“கேக்கணும்னு தோணலையா?”

“தோணுது. நீ அந்தப் பானையை இப்படிக் குடு.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. நான் ஊரில் இருந்திருந்தால் என்று இன்றும் மாவு பிசையும்போதெல்லாம் நினைப்பேன். இந்த வருடம் வந்த புது மருந்தில், சவப்பெட்டிக்கு அளவெடுத்த ஆட்களெல்லாம் எழுந்து வந்து என்னிடம் ரொட்டி வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பிடிக்கவும் இல்லை. நான் கேட்காத காவல் பிறப்பிலேயே எனக்கு வந்தது, அவனுக்கு மருந்துகூட நேரத்துக்கு வரவில்லையே என்று இருக்கிறது.

மொய்ரா, ஒன்று கேட்கிறேன். நான்தான் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள். மூன்று வருடமாக எனக்குப் பழகிவிட்டது. அவன் மேல் உனக்குக் கோபம் வருவதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உன்,
ஓரின்


பஃபலோ
செப்டம்பர் 28, 1996

அன்புள்ள ஓரின்,

கோபம் வந்தது. இரண்டு நாள் துணியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவன் சட்டைக் கையை மடித்துத் தைக்கும்போது, இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, மடையன் என்று திட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவனையும் கடைசி வரிசைக்கு அனுப்பியிருப்பேன். அது தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்டது நடக்காது. உன்னை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதி இனி வேண்டாம். வெட்கமாக இருக்கிறது, ஓரின்.

துண்டு முடிந்துவிட்டது. எழுத்துக்கள் கோணல், ‘டெக்லன்’ ஓரத்தில் இடிக்கிறது, இரண்டு இடத்தில் என் இரத்தம் வேறு. கழுத்துப்பட்டியில் இருக்கும் உன் பெயரைப் பிரிக்கவில்லை. உள்ளே மறைந்து கிடந்தது, பட்டியைத் திருப்பி வெளியே தெரிகிற மாதிரி தைத்துவிட்டேன்.

பதினொன்றாம் தேதி காலை வந்துவிடு. விரிக்க இரண்டு பேர் வேண்டும், நான் ஒருத்திதான் இருக்கிறேன். அங்கே வெறும் புல்வெளிதானாம். வரிசையே கிடையாது.

உன்,
மொய்ரா