பெரிய கத்தரிக்கோல்

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? பள்ளிச் சீருடை ஆர்டர் நம் தையல் கடைக்கே கிடைத்துவிட்டது! பெரிய கடைக்காரர்கள் எல்லாம் போட்டிக்கு நின்றார்கள். தலைமை ஆசிரியை நான் தைத்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்கே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கப் போகிறேன். மாமாவுக்கு ஒரு கோட் தைத்துத் தருகிறேன், அந்தத் தொந்தியையும் மறைக்கிற மாதிரி. நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

உன் தம்பி

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த கையோடு உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து, பெரிய கத்தரிக்கோலை ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் மனசு கட்டில்லாமல் மேலே ஏற ஆரம்பித்தால் அதை எடுத்துவிட வேண்டும் என்று நாம் மூவரும் சேர்ந்து முடிவு செய்ததுதானே. "போன்ல யாரையும் ஏமாத்திடுவேன்க்கா, கையெழுத்துல முடியாது" என்று சொன்னவனும் நீதான். அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை எழுத்தெல்லாம் வரியை விட்டு மேலே ஏறுகிறது. மஞ்சள் வண்ணம் வேறு! போன தடவை டாக்டர் உன் நோய்க்குப் பைபோலார் என்று பெயர் சொல்வதற்குள், தூங்காமல் ஊரார் துணியையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தாய். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. உடனே டாக்டரைப் போய்ப் பார்.

உன் அக்கா

ஜூன் 15

அக்கா,

பார்த்தேன். "நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். என்னத்தைச் சொல்ல? சீருடைத் துணியை மேசை முழுக்க விரித்திருந்தேன், அதன்மேல் வைத்து எழுதினேன். எழுத்து ஏறியது அதனால்தான். கத்தரிக்கோல் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. நான் சிரித்தால் என் மனைவி திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். மற்றவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் வாழ்த்துகிறீர்கள், எனக்கு வந்தால் நாடி பிடிக்கிறீர்கள். அழுதாலும் நோய், சிரித்தாலும் நோய் என்றால் நான் எப்படித்தான் இருப்பது? இனி எழுத மாட்டேன்.

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னது சரி. ஆர்டர் கிடைத்ததற்கு உனக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. பேக்கரியில் என்னோடு மாவு பிசைகிறவர்களிடம் மட்டும் உன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடாமல் கிடந்தபோது ஸ்பூனால் ஊட்டியவள் நான். அந்தப் பயம் போகமாட்டேன் என்கிறது. ஆனாலும் இனி கத்தரிக்கோல் உன் பொறுப்பு. எப்போது எடுத்து வைப்பது என்று நீயே சொல். மஞ்சளே அடி. மாமா அளவு கொடுப்பதற்காக வயிற்றை உள்ளே இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். பதில் எழுதடா.

உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சீருடையெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு கடை வழியாகத்தான் போகிறார்கள். சுவரும் மஞ்சளாகிவிட்டது, பார்க்க நன்றாகவே இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள்.

பார்சலைப் பிரித்திருப்பாய். உள்ளே இருப்பது பெரிய கத்தரிக்கோல்தான். எண்ணெய் போட்டு, மாமாவின் கோட் துணியில் சுற்றியிருக்கிறேன். நேற்று அந்தத் துணியை விரித்தபோது, ஒரே ஒரு கோட்டுக்கு வாங்கிய இதில் நாலு கோட் வெட்டிவிடலாம் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. தூக்கமும் சரியில்லை. ஜூனில் வந்தது வெறும் சந்தோஷம், அக்கா. இது வேறு. வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். தபாலில் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய் அவளிடமும் சொல்லி, இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம்.

கோட் தாமதமாகும் என்று மாமாவிடம் சொல். டாக்டர் சரி என்றதும் எழுதுகிறேன், கத்தரிக்கோலை நீயே எடுத்துக்கொண்டு வா.

இந்தக் கடிதத்தை வெறும் மேசையில் வைத்துத்தான் எழுதினேன். எழுத்து ஏறுகிறதா என்று பார்.

உன் தம்பி